சின்னக் காய்கறித் தோட்டத்தில் நேரம் எங்கே போகிறது?

விற்பதற்காகக் காய்கறி வளர்க்கிற சின்னத் தோட்டத்தில் வேலையைக் குறைப்பது எப்படி என்று கேட்டால், முதலில் வருகிற பதில் ஏதாவது ஒரு இயந்திரத்தின் பெயராகத்தான் இருக்கும். ஒரு ஏக்கருக்குள், ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்கிற தோட்டத்தைச் சொல்கிறேன். பவர் டில்லர் வாங்கு, விதைக்கும் கருவி வாங்கு, அதுவும் போதாவிட்டால் இன்னொரு ஆளைப் போடு. எனக்கு இயந்திரத்தின் மேல் கோபமில்லை, அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன். ஆனால் யாராவது ஒரு நாள் முழுக்க உங்கள் பின்னாலேயே நடந்து, என்ன செய்கிறீர்கள் என்று எழுதி வைத்தால், உழுவதற்கும் நடுவதற்கும் ஆகிற நேரம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கும். மீதி நேரமெல்லாம் கத்தியைத் தேடுவது, கூடை எடுக்கப் போவது, பறித்த காயைக் கீழே கொட்டி மறுபடி அள்ளுவது, ஓஸ் குழாயை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு இழுப்பது, குனிவது, நிமிர்வது, நடப்பது என்று இரண்டு வேலைகளுக்கு நடுவில் கரைந்துவிடுகிறது.

ஒரு எளிய கணக்கு. கருவிக் கொட்டகை பாத்தியிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போய்வர 120 மீட்டர். ஒரு நாளில் பத்து முறை போய்வந்தால் 1.2 கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் எந்தச் செடியையும் தொடாமல். வாரம் முழுக்கச் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அந்த நேரத்தை மிச்சப்படுத்த எந்த இயந்திரமும் வேண்டாம். தோட்டத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, அடிக்கடி எடுக்கிற நாலைந்து சாமான்களை அதில் மாட்டிவைத்தால் போதும். கத்தி, கத்தரிக்கோல், கயிற்றுக் கண்டு, ரப்பர் பேண்ட் டப்பா, அரம். என்னோடு பறிக்க வருகிற அக்கா ஒருவர், வந்த புதிதிலேயே, "தம்பி, பெரிய பெரிய திட்டமெல்லாம் அப்புறம் போடு, முதல்ல அந்தக் கத்தரிக்கோலை ஒரு இடத்துல கட்டி வை" என்றார். சொன்னது சரிதான். கைப்பிடிகளில் பளிச்சென்ற சிவப்பு நாடாவைச் சுற்றிவிடுங்கள். பச்சைக்குள் விழுந்த மரப்பிடிக் கத்தி அடுத்த உழவில்தான் கிடைக்கும்.

அடுத்தது பாத்தி. எல்லாப் பாத்தியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. பாத்தி 75 சென்டிமீட்டர் அகலம், நடுவில் நடைவழி 45 சென்டிமீட்டர் என்ற அளவு கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற சிறு தோட்டக்காரர்கள் பலர் பின்பற்றுவது. கியூபெக்கில் ஒன்றரை ஏக்கரில் டிராக்டர் இல்லாமல் காய்கறி வளர்த்துப் பிழைக்க முடியும் என்று காட்டிய ஜான்-மார்ட்டின் ஃபோர்ட்டியே இந்த அளவைத்தான் பரப்பினார். 75 சென்டிமீட்டர் என்பது காலை அகட்டித் தாண்ட முடிகிற அகலம், இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் நடு வரை கை எட்டுகிற அகலம். உங்கள் கால் நீளத்துக்கு 70 சரியென்றால் 70 வைத்துக்கொள்ளுங்கள், அதில் தகராறு இல்லை. ஆனால் வைத்த அளவைத் தோட்டம் முழுக்க வையுங்கள், நீளத்தையும் சேர்த்து.

ஏனென்றால் அளவு ஒன்றானால் சாமான்களெல்லாம் எங்கும் பொருந்தும். ஒரு பாத்திக்கு வெட்டிய சொட்டுநீர்க் குழாய் அடுத்த பருவத்தில் எந்தப் பாத்திக்கும் போகும். பூச்சிவலை, நிழல்வலை, தார்ப்பாய், மூடாக்குத் துணி, கொடி ஏற்றும் கயிறு எல்லாம் அப்படியே. "இது எந்தப் பாத்திக்கு வெட்டியது" என்று விரித்துப் பார்த்து, குட்டையாக இருக்கிறது என்று சுருட்டி, வேறொன்றை எடுத்து வருகிற கூத்து இருக்காது. கணக்குப் போடுவதும் எளிது. ஒரு பாத்திக்கு எத்தனை நாற்று, எத்தனை கூடை தொழுவுரம், எவ்வளவு விதை என்பது ஒரு தடவை எழுதிவைத்தால் தீர்ந்தது, பாத்திகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். அப்புறம் பாத்தியின் மேல் நடக்காதீர்கள். மிதித்த மண்ணைப் பொலபொலப்பாக்க மறுபடி கிளற வேண்டும், கிளறினால் களை முளைக்கும், அதை எடுக்க மறுபடி வேலை. நிலையான பாத்தியும் நிலையான நடைவழியும் இருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கவே தொடங்காது.

களைக்கு வருகிறேன், ஏனென்றால் சின்னத் தோட்டத்தில் மனிதரை முறிக்கிற வேலை இதுதான்.

களையைப் பார்த்த பிறகு எடுக்கப் போனாலே தாமதம் என்பது என் கட்சி. விதை வெடித்து, இரண்டு இலை விட்டு, மண்ணுக்குள் வெள்ளை நூல் போல ஒரு வேர் மட்டும் இருக்கிற சமயம் ஒன்று உண்டு. அப்போது மேல்மண்ணை ஒரு விரல்கடை ஆழத்துக்குக் கலைத்துவிட்டாலே போதும், வெட்டக்கூட வேண்டாம், வேர் வெளியே வந்து வெயிலில் காய்ந்துவிடும். சக்கரம் வைத்த களைக்கொத்தியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற வேகத்திலேயே 30 மீட்டர் பாத்தி முடிந்துவிடும். அதே பாத்தியை இரண்டு வாரம் விட்டுவிட்டால் கையால் பிடுங்க வேண்டும், மூன்று வாரம் விட்டால் உட்கார்ந்து பிடுங்க வேண்டும், பயிரின் வேரும் சேர்ந்து வரும். ஆக, களை தெரியாத பாத்தியில் களை எடுப்பதுதான் வேகமான களையெடுப்பு. பார்ப்பவர் "சும்மா மண்ணைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கியே" என்பார். இருக்கட்டும். காற்று வீசுகிற, வெயில் ஏறுகிற முற்பகலில் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் கொத்தி, இரவில் மழை பெய்தால் பாதிக் களை மறுபடி ஊன்றிக்கொள்ளும். கோழிப்பசலை மாதிரி சதைப்பற்றுள்ளவை வெட்டிப்போட்ட இடத்திலேயே வேர் விடும், அவற்றைப் பொறுக்கி வெளியே போடத்தான் வேண்டும்.

நின்றபடி கொத்துகிற நீளக் காம்புக் களைக்கொத்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தகடு கூராக இருக்கிறதா? கடையில் வாங்கும்போது பெரும்பாலும் கூர் இருக்காது, வாங்கியவர்களும் அப்படியே வருடக்கணக்காக மொட்டையாக வைத்து மண்ணை இடிப்பார்கள். ஒரு தட்டை அரத்தை எடுத்து, தகட்டைப் பலகையோடு அழுத்திப் பிடித்து, ஒரே பக்கம் மட்டும் சரிவாக, தள்ளும்போது மட்டும் அழுத்தி, இழுக்கும்போது தூக்கி, பத்துப் பதினைந்து தடவை ராவினால் விளிம்பில் வெள்ளிக் கோடு ஒன்று தெரியும். அதுதான் கூர். அதற்குப் பிறகு கொத்தவே வேண்டாம், மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டே போகலாம், தண்டு அறுபடும் சத்தம் கேட்கும். வேலைக்கு நடுவில் எப்போது கை அழுத்தம் கூடுகிறதோ அப்போது நிறுத்தி மறுபடி ராவுங்கள். பையில் ஒரு சின்ன அரம் எப்போதும் இருக்கட்டும்.

விதைகள் மண்ணில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இருபது பாட்டில்களில் மணலோடு களை விதைகளைக் கலந்து புதைத்து வைத்தார். சில வருடங்களுக்கு ஒரு தடவை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் அதைத் தொடர்கிறார்கள். 2021-இல் தோண்டிய பாட்டிலில், 142 வருடம் கழித்தும், ஒரு வகை முல்லீன் செடியின் விதைகள் முளைத்தன. அடுத்தது 2040-இல். எல்லாக் களையும் இப்படி நூறு வருடம் தாங்காது, பல சில வருடங்களிலேயே செத்துவிடும். ஆனாலும் இதைப் படித்த பிறகு தேவையில்லாமல் ஆழ உழுவதில் எனக்கு ஆசை போய்விட்டது. ஒவ்வொரு உழவும் கீழே தூங்குகிற விதைகளை மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டுகிறது. அதேபோல, ஒரு களையைக்கூட விதை விடாமல் தடுப்பதுதான் அடுத்த வருடத்துக் கூலியை இந்த வருடமே மிச்சம் பிடிப்பது. கீரை இனத்துக் களைகளில் நன்றாக வளர்ந்த ஒரே செடி லட்சத்துக்கும் மேல் விதை உதிர்க்கும். நேரமே இல்லை, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்ற நாளில், பூத்த களைகளை மட்டும் அறுத்துக் கொண்டுபோய் வெளியே போடுங்கள், மற்றது நிற்கட்டும்.

விதைப்பதற்கு முன்பே களையை ஏமாற்றி முளைக்க வைக்கிற முறை நிறையப் பேருக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் செய்ய மாட்டார்கள். பாத்தியை விதைப்புக்குத் தயாராக்கி, தண்ணீர் காட்டி, விதைக்காமல் பத்து நாள் விடுவது. முளைத்ததை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் சுரண்டிவிட்டு, மண்ணைப் புரட்டாமல் அப்படியே விதைப்பது. மேலடுக்கில் இருக்கிற விதைகள்தான் பெரும்பாலும் முளைக்கும் என்பதால் இது வேலை செய்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி ஆழமாகக் கிளறினால் பத்து நாளும் வீண்.

கேரட்டுக்கு இதையே இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகச் செய்யலாம். கேரட் முளைக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு, சில சமயம் மூன்று வாரம் வரை ஆகும், களை அதற்குள் முளைத்துவிடும். கேரட் வெளியே வருவதற்கு முந்தின நாள் பாத்தியின் மேல் எரிவாயுச் சுடர் காட்டினால் களை மட்டும் போகும், கேரட் சுத்தமான மண்ணில் எழும். அந்த முந்தின நாள் எது என்று எப்படித் தெரியும்? விதைத்த பாத்தியின் ஒரு மூலையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துவிடுங்கள். அதன் கீழே சூடு கூடுதல் என்பதால் அந்த இடத்துக் கேரட் மற்றதைவிட ஓரிரு நாள் முந்தி முளைக்கும். கண்ணாடிக்குக் கீழே பச்சை தெரிந்த அன்றைக்கே சுடர் காட்ட வேண்டும். களையை எரித்துச் சாம்பலாக்க வேண்டியதில்லை, நடக்கிற வேகத்தில் சுடரை நகர்த்தினால் போதும், செல்களுக்குள் இருக்கிற நீர் கொதித்து அவை வெடித்துவிடும். காட்டிய இலை ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள், விரல் ரேகை கரும்பச்சையாகப் பதிந்தால் அது செத்த கணக்கு, சில மணி நேரத்தில் வதங்கும். காய்ந்த புல்லோ வைக்கோல் மூடாக்கோ பக்கத்தில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். காற்றடிக்கிற நாளிலும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம்.

அறுவடை முடிந்த பாத்தியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிப்போடுவது எனக்குப் பிடித்த சோம்பேறி முறை. ஈரமான மண்ணின் மேல் போட்டு, ஓரங்களில் மண் மூட்டை வைத்து, வெப்பமான காலத்தில் மூன்று நாலு வாரம் விட்டால் முளைக்கிற களை வெளிச்சம் இல்லாமல் சாகும், பழைய பயிரின் மிச்சம் மக்கும், மண்புழு மேலே வரும். குளிர்ந்த காலத்தில் இன்னும் கூடுதல் நாள் ஆகும். உழ வேண்டாம், எடுத்துவிட்டு நேராக நடலாம். கோரைக்கு மட்டும் இது பயன்படாது. அதன் கிழங்கு தார்ப்பாயைப் பார்த்துச் சிரிக்கும். கோரை இருக்கிற இடத்தில் கிழங்கோடு திரும்பத் திரும்பத் தோண்டி எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொட்டுநீர்க் குழாயும் டைமர் வால்வும் போட்டால் நாளொன்றுக்கு மிச்சமாகிற நேரம் வேறு எந்தச் செலவிலும் கிடைக்காது. 1965-இல் இஸ்ரேலில் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணையில் (கிப்புட்ஸ்) நெட்டாஃபிம் என்ற சொட்டுநீர் நிறுவனம் தொடங்கியதிலிருந்து இதைத் தண்ணீர் மிச்சம் என்றுதான் சொல்லி வருகிறார்கள். சின்னத் தோட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிது ஆள் மிச்சம். 30 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்தி 22.5 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 112 லிட்டர். 30 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவாய், மணிக்கு 2 லிட்டர், பாத்திக்கு இரண்டு குழாய் என்றால் மணிக்கு 400 லிட்டர் வரும். ஆக 17 நிமிடம். கையில் ஓஸ் பிடித்து நின்றால் பாத்தியின் தொடக்கத்தில் வெள்ளமும் கடைசியில் நனைந்த தூசியுமாக இருக்கும், அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. இதில் ஒரே ஒரு தொந்தரவு, வடிகட்டி. அதை வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் சொட்டுவாய்கள் ஒவ்வொன்றாக அடைத்து, மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் முழங்காலிட்டு ஊசியால் குத்துவதில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாற்று விஷயத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு குழியில் பல விதை போடுகிற முறை. இங்கிலாந்தில் மண்ணைக் கிளறாமல் காய்கறி வளர்க்கிற சார்லஸ் டௌடிங் இதை நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். குழித்தட்டில் ஒரு குழிக்கு வெங்காயம் ஆறு விதை, பீட்ரூட் நாலு, முள்ளங்கி நாலு என்று போட்டு, கலைக்காமல் கொத்தாகவே நட்டு, கொத்துக்குக் கொத்து இடைவெளியைக் கூட்டிவிடுவது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பருக்கும், பெரிதானதை முதலில் திருகி எடுத்தால் மிச்சம் அப்புறம் பெருக்கும். நடுகிற வேலை நாலில் ஒரு பங்காகிவிடுகிறது, களைக்கொத்தி ஓட்டவும் இடம் கிடைக்கிறது. கேரட்டை மட்டும் நேரடியாக விதைத்துவிடுங்கள்.

ஜப்பானில் சர்க்கரை பீட்ரூட் நடுவதற்காக உருவான காகிதச் சங்கிலி நாற்றுமுறையும் இப்போது சின்னத் தோட்டங்களுக்கு வந்திருக்கிறது. காகிதக் குழிகள் ஒன்றோடொன்று சங்கிலியாக ஒட்டியிருக்கும், ஒரு தட்டுக்கு 264 குழி, இழுவைக் கருவியில் வைத்து நிமிர்ந்தபடி பின்னோக்கி நடந்தால் சங்கிலி பிரிந்து வரிசையாக மண்ணுக்குள் போகும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் மண் மாவு மாதிரி இருக்க வேண்டும், கல்லோ பழைய வேரோ இருந்தால் சிக்கிக்கொள்ளும், காகிதத்தை ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டும். நெருக்கமாக நடுகிற வெங்காயமும் கீரையும் நிறைய போடுகிறவருக்கு லாபம். தக்காளி, கத்தரி போடுகிறவருக்கு அது கொட்டகையில் தூங்கும்.

சரி, பறிப்பு. நேரம் அதிகமாகப் போகிற இடம் இதுதான், எதையும் மாற்றிப் பார்க்காமல் விடுகிற இடமும் இதுதான். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்துக் கூடையில் போடுகிறோம், கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் சாக்கின் மேல் கொட்டுகிறோம், உட்கார்ந்து தரம் பிரிக்கிறோம், துடைக்கிறோம், வேறு கூடைக்கு மாற்றுகிறோம், எடை போடக் கிளறி ரெண்டை எடுத்து ரெண்டைப் போடுகிறோம். ஒரு தக்காளியை ஐந்து தடவை தொட்டாகிவிட்டது, தொட்ட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நசுங்குகிறது. அதற்குப் பதில் தள்ளுவண்டியில் மூன்று கிரேட் வைத்து வரிசைக்குள்ளேயே கொண்டுபோங்கள். நல்லது ஒன்றில், இரண்டாம் தரம் ஒன்றில், வெடித்ததும் புழு விழுந்ததும் மூன்றாவதில். காம்பை விட்டுக் கை வரும்போதே கண் தரம் பார்த்துவிடும், அதற்கென்று தனி நேரம் ஆகாது. அந்தக் கிரேட் அப்படியே தராசுக்கும், அங்கிருந்து வண்டிக்கும் போகட்டும். நடுவில் எங்கும் கொட்டாதீர்கள்.

கட்டாகக் கட்டி விற்கிற கீரை, கொத்தமல்லி, முள்ளங்கிக்கு வயலிலேயே கட்டிவிடுங்கள். இடது கையின் நடு மூன்று விரல்களில் பத்துப் பதினைந்து ரப்பர் பேண்டை வளையல் மாதிரி ஏற்றிக்கொண்டு, வலது கையால் அறுத்து, இடது கைப்பிடி நிறைந்ததும் ஒரு வளையத்தை உருட்டித் தண்டின் மேல் இறக்கினால் கட்டு முடிந்தது, கத்தியைக் கீழே வைக்கவே வேண்டாம். உதவிக்கு வருகிறவர் இருந்தால் மாதிரிக்கு ஒரு கட்டை முதல் கிரேட்டின் மேல் வைத்துவிடுங்கள். "இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சம் சேக்கணுமா" என்று அவர் பாத்திக்குப் பாத்தி குரல் கொடுக்கவும் வேண்டாம், நீங்கள் ஓடவும் வேண்டாம்.

செங்கல் வேலையில் இதே மாதிரி ஒரு கதை உண்டு. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கொத்தனார்கள் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து எழுவதைக் கவனித்தார். செங்கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கிற மாதிரி சாரம் அமைத்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவு தேவைப்பட்டது ஐந்துக்குள் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வரை வைத்தார்கள், யாரும் அவசரப்படாமல். கழுவுகிற இடத்தையும் கட்டுகிற இடத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தரையில் உட்கார்ந்து கழுவுவது பழக்கமாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கிரேட்டையும் தரையிலிருந்து தூக்குவது உங்கள் முதுகு. முழங்கைக்குச் சற்றுக் கீழே வருகிற உயரத்தில் மேசை, ஒரு பக்கம் மண்ணோடு வருவது, நடுவில் தொட்டி, மறுபக்கம் சுத்தமானது. ஒரே திசையில் நகரட்டும். எதிரெதிரே வரக் கூடாது.

கீரையை அதிகாலையிலேயே அறுத்துவிடுங்கள். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் இலை மூச்சு விடுகிற வேகம் இரண்டு மூன்று மடங்காகும், வாடுவதும் அதே கணக்கில். வெயில் ஏறி அறுத்த கீரையை மீட்கத் தண்ணீர், நிழல், ஈரச்சாக்கு என்று படுகிற பாடெல்லாம் காலையில் அறுத்திருந்தால் இல்லாத வேலை. கழுவிய இலையில் நீரை வடிக்க, பழைய வாஷிங் மெஷினின் டிரையர் பகுதியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இதற்கென்றே ஒதுக்கி, வலைப்பையில் இலையைப் போட்டுச் சுற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அரை நிமிடச் சுற்று போதும். உதறி உதறிக் கை வலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி இயந்திரம். என் அளவுகோல் ஒன்றுதான். அந்த வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எடுக்கிறது, வருடத்தில் எத்தனை வாரம் வருகிறது என்று பாருங்கள். வருடத்தில் இரண்டு தடவை வருகிற உழவுக்கு இயந்திரம் வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மேல். வாரத்துக்கு ஆறு மணி நேரம் சுமக்கிற சுமைக்கு நல்ல இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டி வாங்குவது ஒரு மாதத்தில் காசைத் திருப்பித் தரும். ஆனால் எல்லாரும் முதலில் வாங்குவது டில்லர், கடைசியில் வாங்குவது தள்ளுவண்டி. ஏன் என்று கேட்டால், டில்லர் சத்தம் போடும், வேலை நடக்கிற மாதிரி தெரியும்!

இதையெல்லாம்விடக் கடினமான கேள்வி எதை வளர்க்காமல் விடுவது என்பது. வெண்டை நல்ல பயிர்தான், நன்றாகவும் காய்க்கும், ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு தடவை தவறினால் காய் நாராகிவிடும், நாராகிய காயையும் பறித்து எறிய வேண்டும், இல்லாவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். காம்பு முள் வேறு கையில் குத்தும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பறிப்பு என்று வைத்திருப்பவருக்கு இந்தப் பயிர் மற்ற எல்லா நாளையும் உடைத்துப்போடும். பட்டாணியும் பீன்ஸும் இன்னொரு வகை. ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும், ஒரு கிலோ சேர்வதற்குள் அரை நாள் போன மாதிரி இருக்கும். குட்டித் தக்காளியும் பெரிய தக்காளியும் ஒரே எடைதான் விற்கிறது என்றால் குட்டித் தக்காளி பறிக்க ஆகிற நேரத்தை யார் கொடுப்பது?

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிர் வாரியாக, எந்த நாளில் எவ்வளவு நேரம் அதில் போனது என்று தோராயமாகக் குறியுங்கள், துல்லியம் வேண்டாம், கால் மணிக் கணக்கு போதும். பருவம் முடிந்ததும் அந்தப் பயிரில் வந்த பணத்தை அந்த மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். நிறைய விற்கிறது என்று நினைத்த பயிர் கீழே இருக்கும், யாரும் கண்டுகொள்ளாத பீட்ரூட்டோ வெங்காயமோ மேலே இருக்கும். நான் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் பட்டாணியை விட்டேன். வாடிக்கையாகக் கேட்கிறவர்களுக்கு, அதை நிறைய போடுகிற பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் வாங்கிக் கொடுக்கிறேன், பதிலுக்கு அவர் என்னிடம் கீரை எடுத்துக்கொள்கிறார். வெண்டையை விட மனசில்லை. அதனால் இந்தப் பருவம் அதை அரைப் பாத்தியாகக் குறைத்து, கழுவுகிற மேசைக்குப் போகிற வழியிலேயே நட்டிருக்கிறேன், போகிற போக்கில் கிள்ளிக்கொள்ளலாம்.